செம்பருத்திக் கிளையில் ஓர் உயிர்க்கூடு

(தசலக்ஷண பர்வத்தின் ஆறாம் நாள் அறவுரை)

 

பர்வத்தின் ஆறாம் நாள் உத்தம சம்யமத்திற்கு உரியது. சம்யமம் இருவகைப்படும் என்பது அவையோர் அறிந்ததே. பொறிகளையும் மனத்தையும் அடக்குதல் இந்திரிய சம்யமம். ஆறுவகை உடலுயிர்களுக்கும் ஊறு நேராவண்ணம் ஒழுகுதல் பிராணி சம்யமம். முன்னதைப் பற்றி ஆண்டுதோறும் பல உரைகள் நிகழ்கின்றன. பின்னதோ மயிற்பீலி ஏந்திய முனிவர்க்கே உரியது என்று எண்ணி, இல்லறத்தார் அதனை எளிதில் கடந்து விடுகின்றனர். வீட்டுக் கொல்லையில் ஒரு கிளையை வெட்டக் கை நீளும்பொழுதே பிராணி சம்யமம் இல்லறத்தாரையும் வந்து வினவுகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

ஒரு காட்சியை மனத்தில் நிறுத்துக. திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லையில், ஆந்திர மாநிலத்தை ஒட்டிக் கொசஸ்தலையாற்றின் கரையில் அமைந்த ஊர் பள்ளிப்பட்டு. சுற்றிலும் குன்றுகள், கரும்பும் வேர்க்கடலையும் மாவும் விளையும் நிலம், தெருக்களில் தறியோசை. அங்கே ஒரு வீட்டின் பின்புறத்தில் செம்பருத்தி, கறிவேப்பிலை, முருங்கை, மருதாணி வேலி என ஒரு சிறு தோட்டம். மழை பெய்து செடிகள் அடர்ந்துவிட்டன. பாதையை மறைக்கும் கிளைகளைக் கழிக்க வேண்டும். வீட்டுப் பாட்டியார் அரிவாளுடன் செல்கிறார். பேரன் உடன் செல்கிறான். செம்பருத்திக் கிளை ஒன்றில், காய்ந்த நுரை உறைந்தாற்போல், பழுப்பு நிறத்தில், புளியங்கொட்டையினும் சற்றுப் பெரிதாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேரன் அதைப் பிய்க்கக் கை நீட்டுகிறான். "தொடாதே கண்ணு, அது கும்பிடுபூச்சியின் கூடு" என்கிறார் பாட்டியார். அரிவாள் கீழே இறங்குகிறது. பேரன் சும்மா இருக்கவில்லை. "பாட்டி, கும்பிடுபூச்சி வண்ணத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்னுமே! கொல்லுகிற பூச்சியை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்?" என்று கேட்கிறான்.

சிறுவன் கேட்டது பெரிய கேள்வி. விடை காணுமுன், அந்தக் கூட்டுக்குள் இருப்பது யாது என்று அறிதல் வேண்டும். அறியாத உயிரைக் காத்தல் அரிது.

இரு முன்கால்களையும் மடித்து மார்பின்முன் சேர்த்து நிற்பதால் கும்பிடுபூச்சி என்பது அதன் பெயர். உடலை முன்னும் பின்னும் அசைத்து நிற்பது மத்தால் தயிர் கடைவது போலிருத்தலின் தயிர்க்கடைப்பூச்சி என்றும் தமிழர் வழங்குவர். தெலுங்கில் அதற்குக் கொல்லபாமா என்று பெயர். இடைக்குலப் பெண் என்பது பொருள். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இரு மொழிகளும் கலந்து வாழும் அவ்வெல்லையில், ஒரே பூச்சி ஒரு மொழியில் தயிர் கடைகிறது, மறுமொழியில் இடைச்சியாகிறது. கிரேக்கரோ குறிசொல்வோன் என்னும் பொருளில் மேண்டிஸ் என்றனர். 1758இல் லின்னேயஸ் அதன் ஓர் இனத்திற்குச் சமயப் பற்றுடையது என்னும் பொருள்படப் பெயரிட்டார். பெயரிட்டோர் பலரும் அதன் தோற்றத்தில் பக்தியையும் உழைப்பையும் கண்டனர். மடித்த அக்கைகளின் உட்புறத்திலோ முள்வரிசைகள் உள்ளன. அவை இரையைப் பற்றுவதற்கு அமைந்தவை. உயிருள்ள இரையே அதன் உணவு. இலையையோ கனியையோ உண்டு வாழும் வழி அதற்கு இல்லை.

தாய்ப்பூச்சி முட்டையிடும் முறை வியப்புக்குரியது. தலைகீழாகக் கிளையைப் பற்றிக்கொண்டு, வயிற்றின் நுனியிலிருந்து ஒருவகை நீர்மத்தை வெளியிடும். வயிற்று நுனியின் உறுப்புகள் அதனைக் கடைந்து நுரையாக்கும். அந்நுரையினுள் முட்டைகளை வரிசை வரிசையாக அடுக்கும். சில மணி நேரத்தில் நுரை காய்ந்து கெட்டியாகிவிடும். பெரிய இனங்களின் ஒரு கூட்டில் நூறு, இருநூறு முட்டைகளும் இருக்கும். நுரையில் அடைபட்ட காற்று வெயிலின் கடுமையைத் தடுக்கும். புறத்தோடு மழைநீர் உட்புகாமல் காக்கும். நடுவில் ஓடும் மெல்லிய செதில்களின் வரிசை குஞ்சுகள் வெளிவரும் வாயில். இத்தனையும் செய்யும் தாய்ப்பூச்சி திரும்பிப் பார்ப்பதும் இல்லை. யாரிடமிருந்தும் கற்றதும் இல்லை. பிரான்சு நாட்டின் பூச்சியியல் அறிஞர் ழான் ஆன்றி ஃபாபர் தம் தோட்டத்தில் இதனைப் பலமுறை கண்டு, விரிவாக எழுதி வைத்துள்ளார்.

குளிர்நாடுகளில் முட்டைகள் பனிக்காலம் முழுதும் உறங்கி இளவேனிலில் பொரியும். தமிழகத்தின் வெம்மையில் அத்தகைய நெடிய உறக்கம் தேவையில்லை. பெரும்பாலும் ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்திற்குள் பொரிந்துவிடும். பெரும்பாலும் காலைப் பொழுதில் அது நிகழும். கூட்டின் நடுவரிசையில் கண்ணுள்ள சிறு புள்ளிகள் தோன்றும். ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வுறையால் போர்த்தப்பட்டு, காலும் உணர்கொம்பும் உடலோடு ஒட்டி, சிறு புழுவைப் போல் நெளிந்து வெளிவரும். நுண்ணிய இழையில் கூட்டிலிருந்து தொங்கியபடியே அச்சவ்வைக் கழற்றும். தறியில் அறுந்த நூல்முனைகளைப் போல் நூற்றுக்கணக்கான உயிர்கள் தொங்கி அசையும். கால்கள் விடுபட்டதும் இலைமேல் ஏறும். விரல்நகத்தின் அகலமே உள்ள அக்குஞ்சு, இறகு ஒன்று நீங்கலாகத் தாயின் வடிவை முழுதும் கொண்டிருக்கும். முன்கைகளை மடித்துக் கும்பிட்டே நிற்கும். சில மணி நேரத்திற்குள் குஞ்சுகள் சிதறிப் போய்விடும். கூட்டில் உலர்ந்த சவ்வுகளின் கற்றை மட்டும் எஞ்சும்.

அவற்றுள் பிழைப்பன மிகச் சில. உடல் உறுதிப்படுமுன்பே எறும்புகள் வந்துவிடும். கூட்டினடியில் எறும்புகள் காத்திருந்து குஞ்சுகளைக் கவர்ந்து சென்றதை ஃபாபர் கண்டு எழுதியுள்ளார். பல்லி, ஓணான், சிலந்தி, பறவை எனப் பகை பல. பசி மிக்கால் உடன்பிறந்தவையே ஒன்றையொன்று உண்ணும். முட்டைப் பருவத்திலேயே அழிவனவும் உண்டு. மிகச் சிறிய ஒருவகைக் குளவி நுரைக்கூட்டைத் துளைத்துத் தன் முட்டைகளை உள்ளே இடும். அக்குளவிக் குஞ்சுகள் உள்ளிருக்கும் முட்டைகளை உண்டு வளர்ந்து, சிறு வட்டத் துளைகளின் வழியே வெளிப்படும். ஒரு கூடு, அதற்குள் இரு குலங்கள். ஒன்றின் வாழ்வு மற்றதன் முடிவு. எஞ்சியவை பலமுறை தோலுரித்து, இறுதித் தோலுரிப்பில் இறகு பெறும். பிறவிச் சுழற்சியின் துன்பத்தை விளக்க நூல்கள் நரக கதியைக் காட்டுகின்றன. விலங்கு கதியைக் காண வீட்டுக் கொல்லை போதும்.

இனி ஓர் அரிய செய்தி. உயிர்களை ஓரறிவு முதலாக வகுக்கும் முறை தொல்காப்பிய மரபியலிலும் உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரத்திலும் உள்ளது. உறுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் ஆகிய நான்கும் உடைய வண்டு முதலியன நாலறிவுயிர்கள். கேட்டல் அவற்றிற்கு இல்லை என்பது பொதுவான கொள்கை. கும்பிடுபூச்சியும் செவியற்றது என்றே அறிவியலாரும் நெடுங்காலம் கருதினர். 1986இல் அமெரிக்க ஆய்வாளர்களான டேவிட் யேகரும் ரொனால்டு ஹாயும் அதற்குச் செவி உண்டு எனக் காட்டினர். அச்செவி தலையில் இல்லை. மார்பின் அடியில், பின்கால்களுக்கு இடையே, ஒரு பள்ளத்தில் ஒற்றைச் செவியாக உள்ளது. மனிதர் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த ஒலியை அது கேட்கிறது. இரவில் பறக்கும்பொழுது வௌவாலின் ஒலி கேட்டால் சட்டெனக் கீழ்நோக்கிப் பாய்ந்து உயிர்தப்புகிறது. இறகு முளைத்து முதிர்ந்த பின்னரே அச்செவி முழுத்திறன் பெறுகிறது. எல்லா இனங்களிலும் அது ஒரேபடியாக இல்லை. பறக்க இயலாத குறுஞ்சிறகுப் பெண்பூச்சிகளில் குன்றியே இருக்கிறது.

பண்டை நூல்களைக் குறை கூறுவதற்காக இச்செய்தி இங்கே சொல்லப்படவில்லை. அறிவின் எண்ணிக்கையை நூலோர் வகுத்தது, குறைந்த அறிவுடையதைத் துணிந்து கொல்லலாம் என்று உரிமை தருவதற்கு அன்று. எங்கெங்கே உயிர் உணர்கிறது என்று காட்டி எச்சரிப்பதற்கே. ஓரறிவுடைய புல்லுக்கும் ஊறு உண்டு என்று உரைத்த அறம் அது. நூற்றாண்டுகளாக மனிதர் கண்முன்னே வாழ்ந்த ஒரு பூச்சியின் செவியே அண்மைக்காலம் வரை தெரியாதிருந்தது எனில், ஏனைய உயிர்களிடம் அறியப்படாத உணர்வு எத்தனையோ! ஒரு பக்கம் கண்டு முழுப்பொருளும் கண்டதாகத் துணியலாகாது என்னும் அநேகாந்த நெறி, பூச்சியிடத்தும் பொருந்துவதே.

சிறுவனின் கேள்விக்கு வருவோமாக. கொல்லும் உயிரைக் காக்கலாமா?

இக்கேள்விக்கு இருவகை விடைகள் உலகில் வழங்குகின்றன. இரண்டும் எளியவை, இரண்டும் அறத்திற்கு ஒவ்வாதவை.

முதல் விடை: கும்பிடுபூச்சி கொலைகாரப் பூச்சி, ஒன்றை அழித்தால் நூறு வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் பிழைக்கும், ஆதலின் கூட்டை நெருப்பிலிடுவதே இரக்கம் என்பது. இவ்வாதம் புதியதன்று. அமிர்தசந்திர சூரி புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனையே எடுத்து மறுத்துள்ளார். பிற உயிரைக் கொல்லும் உயிர் ஒன்றை மாய்ப்பதால் பல உயிர்கள் காக்கப்படும் என்று கருதி அதனைக் கொல்லலாகாது என்பது அவர் தெளிவுபடுத்திய நெறி. காரணம் வெளிப்படை. பூச்சி பசியால் உண்கிறது. அதற்கு வேறு உணவு இல்லை, வேறு வழி தெரிந்துகொள்ளும் மனமும் இல்லை. கூட்டை எரிக்கும் கைக்கோ வேறு வழி தெரியும். தெரிந்தே துணிவதால் அது சங்கல்ப ஹிம்சை. இல்லறத்தார் முற்றாக விலக்க வேண்டியது அதுவே. மேலும், கொல்லும் உயிர்களையெல்லாம் மாய்க்கப் புகுந்தால் அப்பணி எங்கே முடியும்? பல்லியிலும் முடியாது, பறவையிலும் முடியாது.

இரண்டாம் விடை: கும்பிடுபூச்சி செடிகளைத் தாக்கும் பூச்சிகளைத் தின்னும், உழவர்க்கு நண்பன், ஆதலின் காக்க வேண்டும் என்பது. மருந்து தெளிக்காத தோட்டத்தை விரும்பும் நல்லோர் பலரும் இவ்வாறு பேசுகின்றனர். இதில் உண்மை ஒரு பங்கு உண்டு. குஞ்சுப் பருவத்தில் அசுவினி, வெள்ளை ஈ போன்றவற்றை அது உண்ணும். எனினும் அப்பூச்சிக்கு நண்பன், பகைவன் என்ற வேறுபாடு தெரியாது. கண்முன் அசைவது எதுவாயினும், பிடிக்க இயன்றால் பிடிக்கும். மகரந்தம் சுமக்கும் தேனீயும் அதற்கு இரையே. 2016இல் கர்நாடகத்தில் ஒரு வீட்டு மாடித்தோட்டத்துக் குளத்தருகே, ஓர் ஆண் கும்பிடுபூச்சி தொடர்ந்து ஐந்து நாள் மாலையில் வந்து, நீரில் நீந்திய கப்பி மீன்களுள் ஒன்பதைப் பிடித்துத் தின்றது. அந்நிகழ்ச்சி 2018இல் ஆய்விதழில் வெளியாயிற்று. உலகெங்கும் சிறு பறவைகளையே அது பிடித்த 147 நிகழ்ச்சிகளை 2017இல் ஆய்வாளர் தொகுத்தனர். அமெரிக்காவிலோ அதன் முட்டைக்கூடுகள் தோட்டத்திற்கென்றே விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சீன நாட்டு இனத்தின் கூடுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியா நகரின் பக்கம் முதன்முதலாகக் காணப்பட்ட அவ்வினம் பின்னர் நாடெங்கும் பரவிவிட்டது.

பயன் கருதிய இவ்விடையை அறநூல் வழி நோக்கினால் வேறோர் இடையூறும் தோன்றும். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததை உடன்பட்டு மகிழ்தல் என்னும் கிருத, காரித, அனுமோதனை மூன்றும் வினைக்கு வாயில். தன் கையால் அசுவினியை நசுக்கத் தயங்கும் ஒருவர், அவற்றைத் தின்னட்டும் என்று கூடுகளை விலைக்கு வாங்கித் தோட்டத்தில் கட்டினால், அது செய்வித்தல் ஆகும். அசுவினி குறைந்ததைக் கண்டு மகிழ்ந்தால், அது உடன்படுதல் ஆகும். கை தூய்மையாக இருப்பதால் வினை விலகிவிடாது. உயிரைப் படைக்கலமாக்கிய எண்ணம் உள்ளே இருக்கிறது. அசுவினியும் உயிரே.

பகையாகவும் கருதாமல், படைக்கலமாகவும் கருதாமல், தானே வந்து தங்கிய உயிரைத் தங்கவிடுதலே அறத்திற்கு உகந்த விடை. தோட்டத்தின் வழக்கை மனிதர் தீர்க்கப் புகவேண்டியதில்லை. தம் கை ஓர் உயிரின் முடிவுக்குக் காரணமாகாமல் காத்துக்கொள்வதே அவர்மேல் விழுந்த கடன். பாட்டியார் அரிவாளைத் தாழ்த்தியதில் அந்தக் கடன் நிறைவேறிவிட்டது. சிறுவனின் இரக்கமும் தவறன்று. முள்கைகளுக்கிடையில் துடிக்கும் வண்ணத்துப்பூச்சியைக் கண்டு நெஞ்சு நோவது காருண்ய பாவனை. பிடித்திருக்கும் பூச்சியின்மேல் சினம் எழாமல் நிற்பது மாத்யஸ்த பாவனை. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில், ஒரே நேரத்தில் இருத்தல் கூடும் என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தரலாம்.

சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழியின் இடர்களை எடுத்துரைக்கும் இடம் தமிழ்ச் சமணர் நெஞ்சில் நிலைத்தது. நீர்க்கரை வழியே நடந்தால் நண்டும் நத்தையும் அறியாமல் காலடியில் மிதிபட்டு நோகுமே என்று அவர் வருந்துகிறார். நடப்பவர் கால் நோவதற்கு மட்டும் அவர் அஞ்சவில்லை. மழைக்காலத்தில் உயிர்கள் பெருகுதலின் முனிவர்கள் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவதும் இவ்வச்சத்தினாலேயே. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நோக்கிச் செய்தல் ஆதான நிக்ஷேபண சமிதி. இல்லறத்தார்க்கு வெட்டுதலும் துடைத்தலும் தவிர்க்க முடியாத ஆரம்பச் செயல்கள். அவற்றிலும் அச்சமிதியின் நிழல் படியலாம்.

அதற்குரிய நடைமுறை கடினமன்று. கிளை கழிக்கும் முன் ஒரு முறை ஒவ்வொரு கிளையையும் நோக்குக. கூடுகள் தண்டிலும், சுவரிலும், சாளரத்தின் சட்டத்திலும், கதவின் பின்புறத்திலும் இருக்கும். பொங்கலை ஒட்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசும்போது கூட்டின்மேல் பூசாமல் ஒரு சாண் விட்டுப் பூசினால் வீட்டின் அழகு குறைந்துவிடாது. கூடுள்ள கிளையை வெட்டியே தீரவேண்டுமாயின், கூட்டுக்கு இருபுறமும் ஒரு சாண் நீளம் விட்டு வெட்டி, முன்பிருந்த திசையே மேலாக, நிழலுள்ள வேறொரு செடியில் நூலால் கட்டுக. தரையில் போட்டால் எறும்புகள் எடுத்துக்கொள்ளும். கழித்த தழையை அன்றே எரிக்கலாகாது. ஓரிரு நாள் கிடந்தால் அதில் தங்கிய உயிர்கள் நீங்கிவிடும். பிள்ளைகள் ஆர்வத்தால் கூட்டைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடுவதுண்டு. அதனுள்ளேயே பொரிந்தால் குஞ்சுகள் பசியால் ஒன்றையொன்று தின்று மடியும். அத்தீங்கு புட்டியை மூடியவரைச் சாரும். பறக்கும் பூச்சிகள் விளக்கொளிக்கு மயங்கி வந்து மடிதலின், தோட்டத்தில் தேவையற்ற விளக்கை அணைத்துவிடுதல் நன்று. சவ்வுக்கற்றை தொங்கும் கூடு பொரிந்த கூடு. வட்டத் துளைகள் உள்ள கூடு குளவி புகுந்த கூடு. அவற்றையும் பிய்க்காமல் விட்டுவிடுக. உள்ளே இன்னும் ஓர் உயிர் தங்கியிருத்தல் கூடும்.

பள்ளிப்பட்டுத் தோட்டத்தில் செம்பருத்தியின் அந்த ஒரு கிளை மட்டும் கழிக்கப்படாமல் நிற்கிறது. பாதையில் செல்வோர் சற்றே குனிந்து செல்கின்றனர். ஒரு நாள் காலை பேரன் ஓடிவந்து பாட்டியாரை அழைக்கிறான். இலைகளின்மேல் எண்ணற்ற சிறு கும்பிடுகள். மாலைக்குள் பெரும்பாலானவை காணாமற் போகின்றன. எறும்பு கொண்டது எத்தனை, பறவை கொண்டது எத்தனை என்று எவரும் அறியார். சில மாதங்கள் கழித்து அத்தோட்டத்தில் இறகு முளைத்த பூச்சி ஒன்றோ இரண்டோ தென்படலாம். ஒன்றும் தென்படாமலும் போகலாம். அத்தனை உயிரும் போன பின்பு காத்ததன் பயன் யாது என்று எவரேனும் கேட்பின், விடை உண்டு. பிழைத்தவற்றின் எண்ணிக்கையால் சம்யமம் அளக்கப்படுவதில்லை. அக்கிளையின்மேல் விழாமல் நின்ற அரிவாளும், அதைப் பார்த்து நின்ற ஒரு சிறுவனின் நெஞ்சில் பதிந்த வழக்கமும் அதன் பயன். நாளை அவன் வளர்ந்து தன் வீட்டுக் கிளையை வெட்டும் முன்னும் ஒரு முறை நோக்குவான்.

இப்பர்வ நாளில் அவையோர் ஒவ்வொருவரும் இல்லம் திரும்பியதும் தம் தோட்டத்தையோ மாடித் தொட்டிகளையோ ஒருமுறை நிதானமாக நோக்குக. அங்கே தங்கியிருக்கும் உயிர் எதுவாயினும் அஞ்சாமல் தங்குக. உத்தம சம்யமம் இல்லந்தோறும் தழைக்க. ஜினதர்மம் வாழ்க.